‘இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கு’ என்று எழுதுவதற்கு முன்

கணினிக் குழுவில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை உங்களில் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள் என்பதால் அதை முழுவதுமாகத் திரும்ப எழுதப் போவதில்லை. அந்தத் தம்பி தன் பதிவை நீக்கிவிட்டார். இங்கே அவர் பெயரை யாரும் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 40,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினிக்கான பாகங்களைப் பட்டியலிட்டு, “அண்ணா, இதில் எதையாவது மாற்ற வேண்டுமா?” என்று ஒரு கல்லூரி மாணவர் கேட்டார். கேட்ட கேள்விக்கு விடை சொன்னவர்கள் மிகச் சிலர். மற்றவர்கள் எல்லாரும், இது வீண் செலவு, இன்னும் ஆறு மாதம் சேர்த்து ஆர்டிஎக்ஸ் கிராபிக்ஸ் கார்டோடு வாங்கு என்று ஒரே பாட்டைப் பாடினார்கள். சிலர் வெறும் சிரிப்புக் குறிகளை மட்டும் வரிசையாகப் போட்டார்கள். இந்தக் காசுக்கு ‘கேமிங்’ என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று ஒருவர் எழுத, அதற்குக் குவிந்த விருப்பங்களைப் பார்த்தபோது எனக்கு மனம் ஆறவில்லை.

முதலில் அந்தப் பட்டியலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சிரித்தவர்கள் அதைப் படித்ததாகவே தெரியவில்லை. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600ஜி பிராசசர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி எஸ்எஸ்டி. தனியாகக் கிராபிக்ஸ் கார்டு இல்லை, மானிட்டருக்குப் பதிலாக வீட்டில் இருக்கும் டிவி. இதைப் போட்டவர் யோசித்துத்தான் போட்டிருக்கிறார். 5600ஜி-யில் ஆறு கோர்கள் இருக்கின்றன, கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. அந்த கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது, அது கணினியின் ரேமையே பங்கு போட்டுக்கொள்ளும். அதனால்தான் 16 ஜிபியை ஒரே துண்டாக வாங்காமல் இரண்டு எட்டுகளாக வாங்க வேண்டும், அப்போதுதான் இரண்டு பாதைகளிலும் தரவு ஓடும். ஒற்றைத் துண்டு போட்ட கணினிக்கும் இரண்டு துண்டு போட்ட கணினிக்கும் விளையாட்டில் கண்ணுக்கே தெரியும் வேறுபாடு உண்டு. இந்த விவரம் தெரிந்து அவர் இரண்டு என்று எழுதியிருந்தார். கார்டு இல்லாமலேயே வாலரன்ட் குறைந்த அமைப்பில் நொடிக்கு நூறு பிரேமைத் தாண்டி ஓடும். ஜிடிஏ 5 அமைப்புகளைக் குறைத்து வைத்தால் நன்றாகவே ஓடும். அவர் விளையாட விரும்புவதாகச் சொன்னவையும் இவைதான். பிறகு எது வீண்?

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ‘இன்னும் கொஞ்சம் சேர்த்து வாங்கு’ என்ற அறிவுரை, சேர்த்த பணம் சேர்த்தவரிடமே இருக்கும் என்று நம்புகிறது. நம்மில் பலருடைய வீடுகளில் அது இருக்காது. அந்தத் தம்பி, விடுமுறை நாட்களில் கல்யாண மண்டபங்களில் கேட்டரிங் வேலைக்குப் போய்ச் சேர்த்த பணம் என்று தன் பதிவிலேயே தெளிவாக எழுதியிருந்தார். அப்படிச் சேர்த்த 40,000 ரூபாய் ஒரு வீட்டில் வங்கிக் கணக்கில் கிடக்கிறது என்றால், அது இருப்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அடுத்த செமஸ்டர் கட்டணம், அடகில் இருக்கும் நகைக்கு வட்டி, வண்டி ரிப்பேர், யாருக்காவது மருத்துவமனைச் செலவு என்று ஏதாவது ஒன்று வந்தே தீரும். அப்போது முதலில் கேட்கப்படுவது ‘கம்ப்யூட்டர் வாங்க வைத்திருக்கும் அந்தப் பணம்’தான். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர், கொடுப்பவரும் மனம் கோணாமல்தான் கொடுப்பார். ஆனால் கணினி வராது. மேசை மேல் வந்து உட்கார்ந்துவிட்ட கணினியை யாரும் கேட்பதில்லை.

இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. என் நண்பர் ஒருவர் 2019இல் சுமார் 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தார். அப்போதே ஒரு நல்ல கணினியை வாங்கியிருக்கலாம். எல்லாரும் அவரிடம், அடுத்த தலைமுறைக் கார்டுகள் வரப்போகின்றன, பொறுத்திரு என்றார்கள். பொறுத்திருந்தார். 2020 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை அறிவிக்கப்பட்டது, அறிவித்த விலையைக் கேட்டு எல்லாரும் மகிழ்ந்தோம். ஆனால் அந்த விலையில் அந்தக் கார்டுகள் நம் ஊர்க் கடைகளுக்கு வரவேயில்லை. கொரோனாவால் ஏற்பட்ட தட்டுப்பாடும், ஈதரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங்குக்காகக் கார்டுகளை மொத்தமாக அள்ளியவர்களும் சேர்ந்து, 2021இல் பழைய சின்னக் கார்டுகளைக்கூடத் தொட முடியாத விலைக்குக் கொண்டு போனார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அவர் ஏறி இறங்காத கணினிக் கடை இல்லை. அதற்கிடையே அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் சீர் செய்ய வேண்டியவர் அவர்தான். பணத்தில் பாதி அங்கே போனது, மீதி ஊரடங்கில் சம்பளம் நின்றபோது வீட்டு வாடகைக்குப் போனது. 2022 செப்டம்பர் 15 அன்று ஈதரியம் மைனிங் முறையைக் கைவிட்ட பிறகு கார்டுகளின் விலை இறங்கியது உண்மைதான், ஆனால் வாங்குவதற்கு அவரிடம் அப்போது எதுவும் இல்லை. அவருக்குப் ‘பொறுத்திரு’ என்று சொன்னவர்கள் எல்லாரும் அந்த மூன்று ஆண்டுகளும் தங்கள் கணினிகளில் விளையாடிக்கொண்டுதான் இருந்தார்கள்.

என் கதை வேறு. 2017இல் நான் வாங்கியது பென்டியம் ஜி4560. இரண்டே கோர், நான்கு த்ரெட். அந்த ஆண்டு குறைந்த காசில் கணினி சேர்த்தவர்களுக்கு அந்தப் பிராசசரின் அருமை தெரியும். முதலில் கார்டு இல்லாமல்தான் ஓட்டினேன். பிறகு ஒருவர் பயன்படுத்திய ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிடைத்தது. அதன் 75 வாட்டை மதர்போர்டு ஸ்லாட்டே கொடுத்துவிடும் என்பதால் கணினிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்ற வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணினியில்தான் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைக் கற்றேன், வீடியோ வெட்டக் கற்றேன், திருமண வீடியோக்களை எடிட் செய்து முதல் வருமானம் பார்த்தேன். ஒரு காட்சி ரெண்டர் ஆவதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். அந்த மெதுவை நான் இன்றுவரை குறையாக நினைத்ததில்லை. ‘ஐ5 வாங்கும் வரை பொறு’ என்று யாராவது சொல்லி நானும் கேட்டிருந்தால், கற்றுக்கொள்ள எனக்கு வாய்த்திருந்த அந்த வயது வெறுமனே போயிருக்கும். பதினெட்டு வயதில் கிடைக்கும் பொழுது இருபத்தைந்தில் கிடைக்காது. வேலைக்குப் போய்விட்ட எல்லாருக்கும் இது தெரியும், தெரிந்துகொண்டே சின்னவர்களைக் காத்திருக்கச் சொல்கிறோம்.

‘காத்திருந்தால் விலை குறையும்’ என்ற வாதத்துக்கு வருகிறேன். சில நேரம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் ரேமைப் பாருங்கள். 2025 கடைசி மாதங்களில் செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை இரண்டு மடங்கைத் தாண்டி ஏறியது; அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ரூஷியல் என்ற பெயரில் நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வணிகத்தையே நிறுத்தப் போவதாக அறிவித்தது. 2025 நடுவில் ‘தீபாவளிச் சலுகை வரை பொறு’ என்ற அறிவுரையைக் கேட்டவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள், அல்லது வாங்காமலே விட்டார்கள். அறிவுரை சொன்னவர் யாராவது அந்த வித்தியாசத்தைக் கொடுத்தாரா? தவறான ஆலோசனைக்கு விலை எப்போதும் கேட்டவரிடமிருந்துதான் போகிறது.

“மலிவாக வாங்கினால் இரண்டு முறை வாங்க வேண்டியிருக்கும்” என்பார்கள். இந்த ஒரு வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதி எஸ்எம்பிஎஸ்ஸைப் பற்றியது. கேபினட்டோடு சேர்த்துத் தரும் பெயரில்லாத எஸ்எம்பிஎஸ்ஸின் மேல் 450 வாட் என்று அச்சிட்டிருக்கலாம்; அது அவ்வளவு கொடுக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை, போகும்போது மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். அந்தத் தம்பியின் பட்டியலில் நான் மாற்றச் சொல்லியிருக்கக்கூடியது அதை மட்டும்தான். கண்ணாடி வைத்த, விளக்கு எரியும் கேபினட்டை விட்டுவிட்டு எளிய கேபினட் ஒன்றை எடுத்து, மிச்சமாகும் பணத்தில் மின் சிக்கனத்துக்கான 80 பிளஸ் சான்று பெற்ற 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னாளில் கார்டு போடும்போதும் அதுவே போதும் என்று இரண்டே வரியில் சொல்லியிருக்கலாம். அந்த இரண்டு வரியை எழுத அத்தனை பேரில் ஒருவருக்கு மட்டுமே தோன்றியது. அவருடைய கருத்து சிரிப்புக் குறிகளுக்கு அடியில் புதைந்து போனது.

மற்றபடி, எதையும் இரண்டு முறை வாங்க வேண்டியதில்லை. ரைசன் பிராசசரைப் பொருத்தும் ஏஎம்4 சாக்கெட்டின் வரலாறே இதற்குச் சான்று. 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய பல பி350 போர்டுகளில், போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸை மட்டும் புதுப்பித்துவிட்டு 2022இல் வந்த 5800எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்தினார்கள். என் ஜி4560-க்கு அந்த வாழ்வு அமையவில்லை; இன்டெல் எட்டாம் தலைமுறை அதே அளவு சாக்கெட்டில் வந்தும் பழைய போர்டில் ஓட விடவில்லை. அதனால், எந்தப் பாகம் எந்தத் திசையில் வளர இடம் கொடுக்கும் என்று பார்த்து வாங்குவதுதான் குறைந்த காசில் வாங்குபவரின் திறமை. 5600ஜி-க்கும் குறைகள் உண்டு. பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகமான எல்3 கேஷ் சாதாரண 5600-இல் இருப்பதில் பாதிதான், கார்டோடு தரவு பரிமாறும் பிசிஐஇ இணைப்பும் மூன்றாம் தலைமுறைதான். ஆகவே பின்னாளில் கார்டு வாங்கும்போது நான்கு பாதைகள் மட்டுமே உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி பக்கம் போகக் கூடாது, அது இதில் மிகவும் தொய்ந்து போகும்; எட்டுப் பாதைகள் உள்ள ஆர்எக்ஸ் 6600 போன்ற ஒன்றைப் பழையதாகக்கூட எடுக்கலாம். பழைய கார்டு என்றால் கடையிலேயே அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டி, சூட்டையும் விசிறியின் சத்தத்தையும் பார்த்த பிறகே காசு கொடுக்க வேண்டும். உதவி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இதில் எந்த இடத்திலும் ‘வாங்காதே’ என்ற சொல் தேவைப்படவில்லை.

“அந்தக் காசுக்கு கன்சோல் வாங்கலாமே” என்று ஒருவர் கேட்டிருந்தார். கன்சோலில் அவர் கோடிங் கற்க முடியுமா, கல்லூரி புராஜெக்ட் செய்ய முடியுமா? புதிதாக வரும் பெரிய விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய் யார் கொடுப்பது? “படிக்கிற வயதில் விளையாட்டு எதற்கு” என்ற கேள்விக்கு நான் விடை சொல்லப் போவதில்லை. கேட்டவர்களின் சொந்தப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

எனக்கு உண்மையில் வலித்தது பாகங்களைப் பற்றிய கருத்துகள் அல்ல. ஒரு லட்சத்துக்குக் கணினி வாங்கியவர் தன் படத்தைப் போட்டால் வாழ்த்துகிறோம். நாற்பதாயிரத்துக்கு வாங்க நினைப்பவர் வாய் திறந்தால், அவர் இந்தப் பொழுதுபோக்குக்கே உரியவர் இல்லை என்பது போலப் பேசுகிறோம். அரசுப் பள்ளியில் 2011 முதல் இலவச மடிக்கணினி கொடுத்தபோதும் இதே பேச்சுதான்: ‘அந்த லேப்டாப்பில் என்ன ஓடும்?’ அதில் டைப்பிங் கற்று, போட்டோஷாப் கற்று, இன்று அலுவலகங்களில் உட்கார்ந்திருப்பவர்களை எனக்குத் தெரியும். குறைந்த பொருள் வைத்திருப்பவரிடம், அது போதாது என்று சொல்லிக்கொண்டே இருப்பதை நாம் அக்கறை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தத் தம்பிக்கு அது போதாது என்று தெரியாதா? நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒவ்வொரு பாகத்தையும் ஐந்நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதியிருந்தாரே, போதாது என்று தெரிந்தவர்தானே அப்படிச் செய்வார்?

நீங்கள் நல்ல எண்ணத்தில்தான் சொன்னோம் என்று எனக்கு எழுதப் போகிறீர்கள். சிலர் அப்படித்தான் சொன்னீர்கள், அவர்கள்மீது எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் நல்ல எண்ணம் இருந்தால் முதலில் கேட்டிருப்பீர்கள்: எப்போதுக்குள் வாங்க வேண்டும், மாதம் எவ்வளவு சேர்க்க முடியும், சேர்க்கும் பணத்துக்கு வீட்டில் வேறு தேவை வருமா என்று. மாதம் ஐயாயிரம் தடையில்லாமல் சேர்க்க முடிகிற ஒருவருக்கு, நான்கு மாதம் பொறுத்து ஆர்எக்ஸ் 6600-ஐயும் சேர்த்து வாங்குங்கள் என்று நானும்தான் சொல்வேன். அவருடைய நிலைமையைக் கேட்காமலே சொல்வதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பதிவைப் படிப்பவர்களில் பலர் சென்ற ஓரிரு ஆண்டுகளில் புதிய கார்டுக்கு மாறியவர்கள். உங்கள் பழைய ஜிடிஎக்ஸ் 1650, ஆர்எக்ஸ் 580 கார்டுகளும், டிடிஆர்4 ரேம் துண்டுகளும் அலமாரியில் சும்மாதான் கிடக்கின்றன. இப்போது ரேம் விற்கும் விலைக்கு அவற்றைப் பதுக்கி வைக்காமல், ஓடுவதைக் காட்டி, நியாயமான விலை சொல்லி, கீழே கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். எந்த ஊர் என்பதையும் சேர்த்து எழுதினால், பக்கத்து ஊர்க்காரர் நேரில் வந்து பார்த்து வாங்கிக்கொள்வார்.