ஏழாம் தேர்வைத் தள்ளிப்போடாதீர்கள்

அமெரிக்காவில் பொதுக் காப்பீட்டுத் துறையில் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் பலர், காப்பீட்டு அபாயங்களைக் கணக்கிடும் ஆக்சுவரிகளுக்குத் தேர்வு நடத்தும் கேஷுவல்டி ஆக்சுவரியல் சொசைட்டியின் அசோசியேட் தகுதியோடு நின்றுவிடலாமா என்று கேட்கிறார்கள். அதற்கு அடுத்த நிலையான ஃபெலோ ஆவதற்குச் செலவாகும் மாலைப் பொழுதுகளில் மெஷின் லேர்னிங் கற்றுக்கொண்டால் சம்பளம் கூடும் என்பது அவர்களின் கணக்கு. அந்தக் கணக்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இனி கொடுக்க வேண்டியிருக்கும் இழப்பீடுகளை மதிப்பிடுவது பற்றிய ஏழாம் தேர்வையாவது எழுதிவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

பிரீமியத்தைக் குறைவாக நிர்ணயித்துவிட்டால், அடுத்த புதுப்பித்தலின்போது ஓரளவு சரிசெய்துகொள்ளலாம். இழப்பீட்டுக்கான ரிசர்வ், அதாவது இனி கொடுக்க வேண்டியதற்காக ஒதுக்கிவைக்கும் தொகை, குறைந்துபோனாலோ, அது வெளியே தெரியவே பல ஆண்டுகள் ஆகும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நோயுற்றவர்கள் தொடுத்த வழக்குகளில் நடந்தது அதுதான்.

ஒரு விபத்து ஆண்டின் (அதாவது விபத்துகள் நடந்த ஆண்டின்) பிரீமியம் 10 கோடி டாலர், எதிர்பார்க்கும் இழப்பு விகிதம், அதாவது பிரீமியத்தில் இழப்பீடாகப் போகும் பங்கு, 65 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக இந்நேரத்துக்குள் மொத்த இழப்பில் 40 சதவீதம் பதிவாகியிருக்கும். இப்போது பதிவாகியிருப்பது 3.6 கோடி. பதிவானதை மட்டும் வைத்துக் கணக்கிடும் செயின் லாடர் முறை மொத்த இழப்பை 9 கோடி என்கிறது. இனி பதிவாக வேண்டியதற்கு முதல் எதிர்பார்ப்பையே எடுத்துக்கொள்ளும் போர்ன்ஹூட்டர்-ஃபெர்குசன் முறை 7.5 கோடி என்கிறது. இரண்டுக்கும் நடுவே பெங்க்டாண்டர் முறை 8.1 கோடி என்கிறது. விபத்துகளின் செலவு உண்மையிலேயே ஏறியிருக்கிறதா, அல்லது இழப்பீட்டுப் பிரிவினர் கோப்புகளை முன்னைவிட வேகமாகப் பதிவுசெய்யத் தொடங்கியிருக்கிறார்களா என்பது தெரியாமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதை அந்தப் பிரிவின் மேலாளரிடம் போய்த்தான் கேட்க வேண்டும்; எந்த மென்பொருளும் நமக்காகக் கேட்டுச் சொல்லாது. இம்முறைகளில் சிலவற்றை ஐந்தாம் தேர்விலேயே படித்திருப்போம் என்றாலும், நம் மதிப்பீடு எவ்வளவு தூரம் பிசகக்கூடும் என்பதை அளக்கக் கற்பது ஏழாம் தேர்வில்தான்.

நடைமுறைக் காரணமும் உண்டு. காப்பீட்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையோடு ரிசர்வ் குறித்த ஆக்சுவரியின் கருத்துரையும் இணைக்கப்பட வேண்டும். அசோசியேட்டாகவே இருப்பவர் அதில் கையெழுத்திட விரும்பினால், அமெரிக்க ஒழுங்குமுறை பற்றிய ஆறாம் தேர்வோடு ஏழாம் தேர்விலும் தேறியிருக்க வேண்டும்.

பாடத்திட்டத்தில் எனக்கு மனக்குறை இல்லாமல் இல்லை. 1914-ல், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்கள் புதிதாக வந்துகொண்டிருந்த காலத்தில் தொடங்கிய அமைப்பு இது; பழைய கட்டுரைகளை விட்டுவிட அதற்கு மனம் வருவதே இல்லை. மனப்பாடம் செய்தே தீர வேண்டிய பட்டியல்கள் இன்றும் மிகுதி.

எட்டாம், ஒன்பதாம் தேர்வுகளைப் பற்றி இவ்வளவு அழுத்தமாகச் சொல்ல மாட்டேன். பிரீமியம் நிர்ணயிக்கும் பிரிவில் இருப்பவர்களுக்கு எட்டாவது நேரடியாகக் கைகொடுக்கும். ஒன்பதாவது பெரும்பாலும் நிதியியல் என்பதால், ஃபெலோ பட்டத்தை உண்மையிலேயே விரும்புபவர்கள் மட்டும் எழுதினால் போதும்.