மைதாப் பாட்டிலில் நாட்டுச் சர்க்கரை

நாலு நாள் தராசில் எடை பார்த்து வளர்த்த மாவில் ஒரு கரண்டி நாட்டுச் சர்க்கரையைக் கலக்கிவிட்டார்கள். "பாவம், பொங்காமல் கிடந்தது கண்ணு" என்கிறார் அத்தை. பொங்காமல் கிடப்பதைத்தானே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்!

சவர்டோ ரொட்டிக்கான ஸ்டார்ட்டர் அது; கடை ஈஸ்ட் போடாமல் ரொட்டியைப் பொங்கவைக்க, மாவையும் தண்ணீரையும் கலந்து புளிக்கவைக்கும் தாய்மாவு. எந்த மாவு எப்படிப் பொங்குகிறது என்று ஒப்பிடத்தான் வளர்த்தேன். மூன்று கண்ணாடிப் பாட்டில்கள்: ஒன்றில் மைதா, ஒன்றில் மில்லில் அரைத்த முழுக் கோதுமை, ஒன்றில் ராகி. ஒவ்வொன்றிலும் 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர். தினமும் பாதியை எடுத்துவிட்டு, மாவும் தண்ணீரும் மறுபடி சம எடையில். மாவைத் தவிர எதுவும் மாறக் கூடாது. மாறினால் எதை எதோடு ஒப்பிடுவது?

இரண்டாம் நாளே குபுகுபுவென்று பொங்கும். அது பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை; இட்லி மாவைப் பொங்கவைக்கிற லூகோனாஸ்டாக் வகைகளும் அதில் உண்டு. மாவு புளிக்கப் புளிக்க அவை அடங்கும். புளிப்பைத் தாங்கும் ஈஸ்ட் பெருகும்வரை சில நாள் சலனமே இருக்காது. அந்த நாட்களில்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கிறது. ஒருவர் தயிர் விடச் சொல்கிறார், ஒருவர் தேன். செத்துவிட்டது, கொட்டிவிடு என்கிறார் இன்னொருவர். மாவில் உள்ள நொதியே ஸ்டார்ச்சை உடைத்துச் சர்க்கரையாக்கித் தருகிறது. வெளியிலிருந்து ஒரு சிட்டிகை கூடத் தேவையில்லை! போட்டால் நுரைக்கும், சரி. அந்த நுரை மைதாவின் பலமா, கவுந்தப்பாடிச் சர்க்கரையின் பலமா?

ராகிக்கு நடக்கும் அநியாயம் இன்னும் மோசம். மாவின் உயரத்துக்கு அடையாளமாகப் பாட்டிலில் போட்ட ரப்பர் பேண்டைத் தாண்டவில்லையாம், அதனால் ராகி உதவாதாம். கோதுமை மாவை இழுபடவைக்கும் புரதமான குளூட்டன் ராகியில் இல்லை ஐயா! வாயு உண்டாகிறது, பிடித்துவைக்கத்தான் ஆளில்லை. இட்லி மாவில் உளுந்து பார்க்கும் வேலையை இங்கே குளூட்டன் பார்க்கிறது. குமிழைப் பாருங்கள், மணத்தைப் பாருங்கள். உயரத்தை மட்டும் அளந்து, களியாகவும் கூழாகவும் நம்மை வளர்த்த தானியத்தைத் தள்ளிவைக்காதீர்கள்.

இன்னும் சிலர், மைதாவை விட்டுக் கோதுமைக்கு மாறுகிற அன்றே குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை விட்டுக் காய்ச்சி ஆறிய நீருக்கும் மாறுகிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று வீசும் ஜன்னலோரத்திலிருந்து பாட்டிலை அடுப்பு மேடைக்கும் நகர்த்துகிறார்கள். பொங்கியதும், "கோதுமைதான் காரணம்" என்று தீர்ப்பு! தவிட்டோடு நுண்ணுயிரும் தாதுவும் கூடுதலாக வருவதால் முழுக் கோதுமை முந்துவது உண்மைதான். ஆனால் நாலைந்து டிகிரி சூடு கூடினாலும் மாவு முந்தும். எது முந்தியது என்று எப்படித் தெரியும்?

கோதுமையும் ராகியும் அப்படியே இருக்கின்றன. மைதாவை இன்று காலை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன். மற்ற இரண்டைவிட நாலு நாள் பின்தங்கிய மைதாவை வைத்துக்கொண்டு நான் எதைச் சொல்ல? அந்த இரண்டையும் கொட்டத்தான் வேண்டும். மனசே வரவில்லை.