டாட்ஜர்ஸ் மைதானத்துக்காகவா ஊர் காலியானது?

"நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்த டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணிக்கு மைதானம் கட்டத்தான் அந்நகரின் சாவேஸ் ரவீன் பகுதியில் இருந்த மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள் அத்தனையையும் விரட்டினார்கள்" என்று ஒரு தகவல் சுற்றுகிறது. வருடக் கணக்கே உதைக்கிறது.

வீட்டைக் காலி செய்யச் சொல்லி அங்கிருந்தவர்களுக்குக் கடிதம் போனது 1950 ஜூலையில். அனுப்பியது நகர வீட்டு வசதி ஆணையம். காரணம், அரசுக் குடியிருப்புத் திட்டம். புது வீடுகளில் உங்களுக்கே முன்னுரிமை என்று வாக்கும் கொடுத்தார்கள். பெரும்பாலோர் கிடைத்த விலைக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1953இல் மேயரான நாரிஸ் பௌல்சன் அந்தத் திட்டத்தை எதிர்த்தே ஜெயித்தவர், திட்டம் கைவிடப்பட்டது. வீடும் வரவில்லை, நிலமும் திரும்பவில்லை. டாட்ஜர்ஸ் புரூக்ளினில் ஆடிய கடைசி சீசனோ 1957.

அதற்காக அணிக்குச் சம்பந்தமே இல்லை என்பதும் அபத்தம். நிலத்தை அணிக்குக் கொடுக்கும் ஒப்பந்தம் 1958 ஜூனில் நகர மக்களிடம் நடந்த வாக்கெடுப்பில் குறைந்த வித்தியாசத்தில் தப்பியது. 1959 மே 8 அன்று, வெளியேற மறுத்த அரெச்சிகா குடும்பத்தினரைக் காவலர்கள் குண்டுக்கட்டாகத் தூக்கி வெளியேற்றினார்கள், தொலைக்காட்சிகளும் காட்டின. இது மைதானத்துக்காக நடந்ததுதான். அந்த மைதானம் திறந்தது 1962 ஏப்ரலில்.