407-உம் ஏஎன்-32-உம்

எஃப்சிக்காக (வண்டித் தகுதிச் சான்று) எங்கள் டாடா 407 சின்ன லாரியைப் பட்டறையில் விட்டிருந்தேன். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர், "இன்னுமாண்ணா இதை வச்சிருக்கீங்க? எடைக்குப் போட்டுட்டுப் புதுசு எடுங்க" என்றார். சிரித்து வைத்தேன். நினைவுக்கு வந்ததோ, கோவை போகும்போது சூலூரில் தலைக்கு மேல் இரைந்துகொண்டு இறங்கும் ஏஎன்-32, நம் விமானப்படையின் சரக்கு விமானம்.

அதை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? எஞ்சின் இரண்டும் இறக்கைக்கு மேலே, முதுகில் மூட்டை ஏற்றிய மாதிரி உட்கார்ந்திருக்கும். பாடி பழைய ஏஎன்-26-உடையது. எஞ்சின் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பலம், ஒவ்வொன்றும் 5,000 குதிரைத்திறனுக்கு மேல். சின்ன வண்டியில் பெரிய வண்டி எஞ்சினை மாட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வெயிலிலும் மலை உச்சியிலும் காற்று மெலிந்துவிடும். அங்கே இழுவை வேண்டுமே!

லோடு என்று பார்த்தால் ஏழு டன்கூட இல்லை. நம் பத்துச் சக்கர லாரி ஏற்றுவதில் பாதி வராது. டன் கணக்கில் வாடகை போட்டால் நஷ்ட வண்டி. ஆனால் 2008 மே 31 அன்று, 43 வருடமாக விமானமே இறங்காத லடாக் எல்லையின் தௌலத் பெக் ஓல்டியில், 16,000 அடிக்கும் மேலே, மண் ஓடுதளத்தில் போய் இறங்கியது இதுதான். ஏற்காட்டு எஸ்டேட் பாதையில் பெரிய வண்டி திரும்பாது, 407 திரும்பும். அந்தக் கணக்குதான்.

இந்திய விமானப்படைக்கு இது வந்தது 1984-இல். 2009-இல், இதை வடிவமைத்த நிறுவனம் இருக்கிற உக்ரைனோடு ஒப்பந்தம் போட்டு, நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களைப் புதுப்பிக்க ஏற்பாடானது. கொஞ்சம் அங்கே, மீதி கான்பூரில். அப்புறம் 2014-இல் ரஷ்யாவோடு அந்த நாட்டுக்கே சிக்கல். உதிரி பாகத்துக்கு ஒரே கடையை நம்பினால் என்ன ஆகும் என்று லாரி வைத்திருப்பவனிடம் கேளுங்கள்.

பழசு என்பதற்காகத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. 2016-இல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்கு 29 பேரோடு கிளம்பிய ஏஎன்-32 கடலில் மறைந்தது. அதன் சிதைவுகள் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் இருப்பது 2024-இல்தான் தெரிந்தது. அதை நினைக்காமல் சிக்கனம் பேசக் கூடாது.

ராணுவத் தளவாடங்கள் செய்வதற்கான தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் எங்கள் சேலமும் ஒரு மையம். முழு விமானம் செய்கிற கனவெல்லாம் இருக்கட்டும். இந்த மாதிரி கிழட்டு வண்டிகளுக்கு உதிரி பாகம் கடைகிற வேலையைத்தான் நாம் முதலில் கேட்டு வாங்க வேண்டும் என்பேன். லேத் பிடிக்கிற கைக்கு இந்த ஊரில் பஞ்சமா?

சரி, பட்டறையிலிருந்து போன் வருகிறது. பின்பக்க ஸ்பிரிங் பட்டை ஒன்று உடைந்திருக்கிறதாம்.