மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க
மேல ஒருத்தர் 'ஹெராயின் போதைப் பழக்கத்தை விடுறதுக்குக் குடுக்குற பூப்ரினார்ஃபின் மாத்திரையை நாக்குக்கு அடியில வெச்சா பல்லெல்லாம் கொட்டிடும், உடனே நிறுத்துங்க'ன்னு போட்டிருக்காரு. பாதிதான் சரி ப்ரோ. அமெரிக்க எஃப்டிஏ (அங்க மருந்துகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு) 2022 ஜனவரில எச்சரிக்கை விட்டது உண்மை, பல்லு பாதிப்புன்னு 305 கேஸ் பதிவாகியிருந்துச்சு, ஆனா அதே அறிவிப்புலயே மருந்தோட பலன்தான் பெருசுன்னும் இருக்கு, அதை மட்டும் வசதியா விட்டுட்டீங்க. திடீர்னு நிறுத்தி திரும்ப ஹெராயின் பக்கம் போனா ஓவர்டோஸ்ல உயிரே போகலாம், பல்லு போனா கட்டிக்கலாம். மாத்திரை முழுசா கரைஞ்சதும் ஒரு வாய் தண்ணிய எடுத்து பல்லு ஈறு எல்லாத்துலயும் படுற மாதிரி மெதுவா சுழட்டி முழுங்கிடணும், பிரஷ் பண்ண ஒரு மணி நேரமாவது பொறுக்கணும் (உடனே தேய்ச்சா எனாமலுக்குத்தான் கேடு). டென்டிஸ்ட் கிட்டயும் இந்த மருந்து எடுக்குறத மறைக்காதீங்க.