நீலம் அம்மைக்கு

மேலே ஒருத்தர், “காரைக்குடி வீட்டு அர்த்தநாரி படத்தில் ஆண் பாதி நீலம், பெண் பாதி பிங்க். முன்னோர் அன்றைக்கே ஆணுக்கு இது, பெண்ணுக்கு இதுன்னு வகுத்துட்டாங்க” என்கிறார்.

அப்படி இல்லை அண்ணே. ஐங்குறுநூற்றின் கடவுள் வாழ்த்தே “நீல மேனி வாலிழை பாகத்து ஒருவன்” என்றுதான் தொடங்குது, அதாவது நீல மேனி உமையைத் தன் பாதியில் கொண்டவன். அங்கே நீலம் அம்மைக்கு! தேவாரத்தில் சிவனோ பவளச் சிவப்பு. மதுரை மீனாட்சி பச்சை, பெருமாளையும் பச்சைன்னுதான் ஆழ்வார் பாடினார். நிறம் அந்தந்தத் தெய்வத்துக்கு உரியது, ஆண், பெண் கணக்கு அதில் இல்லை.

பிங்க், நீலப் பிரிவினை மேலைநாட்டுக் குழந்தைத் துணி வியாபாரத்தில் வளர்ந்தது. அங்கேயும் 1918இல் ஒரு அமெரிக்க வணிக இதழ் பையனுக்குத்தான் பிங்க், பெண்ணுக்கு நீலம்னு எழுதியது (கேட்டா சிரிப்பீங்க, பிங்க் ‘உறுதியான’ நிறமாம்). 1999இல் அமெரிக்கத் திருநங்கை மோனிகா ஹெல்ம்ஸ் வடிவமைத்த திருநர் கொடியின் வெளிர் நீலமும் பிங்க்கும் பையனுக்கு நீலம், பெண்ணுக்கு பிங்க்னு பின்னாடி மாறி நிலைச்ச அமெரிக்க வழக்கத்திலிருந்து வந்தவை, அர்த்தநாரியிலிருந்து இல்லை.

செட்டிநாட்டு வீடுகளில் ரவிவர்மா பாணி அச்சுப் படங்கள் நிறைய. அவர் அச்சகம் தொடங்கியதே 1894இல். உங்க படமும் அப்படி ஒண்ணுன்னா, அது அவ்வளவு பழசு இல்லை. உங்க படத்தின் அடியில் அச்சகத்தின் பேர் இருந்தா போட்டோ எடுத்துப் போடுங்க, பார்ப்போம்.