ஃபேமிலி லிங்கில் சாட் தெரியாது

ஃபேமிலி லிங்க் என்பது பிள்ளையின் போனைப் பெற்றோர் கவனிக்க கூகுள் தரும் ஆப். "ஃபேமிலி லிங்க் போட்டால் பிள்ளையின் வாட்ஸ்அப் சாட் மொத்தமும் நம் போனுக்கு வந்துவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வராது. எந்த ஆப் எவ்வளவு நேரம் ஓடியது, போன் எங்கே இருக்கிறது என்று காட்டும். புது ஆப் இறக்க நம்மிடம் அனுமதி கேட்கும். மெசேஜுக்குள் போகாது. இன்ஸ்டாகிராமின் பெற்றோர் கண்காணிப்பிலும் கடந்த 7 நாளில் யாருக்கு மெசேஜ் போனது என்பது மட்டும் தெரியும், என்ன பேசினார்கள் என்பது தெரியாது.

பிள்ளைக்குத் தெரியாமல் சாட்டைப் பார்க்க அவர் சிபாரிசு செய்யும் 'ரகசிய ஆப்'தான் உண்மையான வில்லங்கம். இப்படிப்பட்டவை ஆபத்தான ஆப்களைப் பிடிக்கும் கூகுளின் பிளே ப்ரொடெக்டை அணைக்கச் சொல்லும், திரையில் இருப்பதைப் படிக்க விடும் ஆக்சசிபிலிட்டி அனுமதி கேட்கும். கொடுத்தால் திரையில் வருவதெல்லாம், ஓடிபி உட்பட, யாரோ ஒருவரின் சர்வருக்குப் போகலாம். வாட்ஸ்அப் வெப்பை ரகசியமாக இணைத்து வைப்பதும் நிலைக்காது. 'லிங்க்ட் டிவைசஸ்' பட்டியலைத் திறந்தாலே பிள்ளைக்குத் தெரிந்துவிடும்.

பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாட்ஸ்அப் செட்டிங்ஸில் பிரைவசிக்குப் போங்கள். 'குரூப்ஸ்' என்பதை 'மை கான்டாக்ட்ஸ்' ஆக்குங்கள். 'கால்ஸ்' என்பதில் தெரியாத எண்களை சைலன்ஸ் செய்யுங்கள்.

யாராவது படத்தை வைத்து மிரட்டினால், பதறிப்போய் சாட்டை அழித்துவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. ஆதாரமே அதுதானே! எண், யூசர்நேம், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிளாக் பிறகு. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.